ஸ்டெப் ஹல்லா, நேர் அடியா? 32 அடிப் படகு வாங்கப் போகிறேன், திருப்பத்தில் எதை நம்பலாம்?

தாம்பாகுமார்
வணக்கம். நாங்கள் ஃப்ளோரிடாவில், தாம்பா பே பக்கம் இருக்கிறோம். இதுவரை 24 அடி வி-ஹல், அதாவது V வடிவ அடிப்பாகம் (ஹல்) கொண்ட படகு ஒன்று வைத்திருந்தோம். இப்போது கொஞ்சம் பெரிதாக, 32 அடி சென்டர் கன்சோல் (ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் திறந்த படகு), பின்னால் வெளியே மாட்டும் இரட்டை 300 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், பழைய படகாகவே தேடுகிறேன். கடைசியில் இரண்டு படகுகளில் வந்து நிற்கிறது, விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று அடிப்பாகம் முன்னிருந்து பின்வரை நேராக ஓடும், ஆழமான V வடிவ டீப்-வி. இன்னொன்றின் அடிப்பாகத்தில் குறுக்கே இரண்டு படிகள், ஸ்டெப் என்கிறார்கள். விற்பவர் "அதே பெட்ரோலுக்கு இது இன்னும் வேகமாகப் போகும்" என்று இரண்டாவதையே தள்ளிக்கொண்டிருக்கிறார். மெரினாவில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வளைவில் பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடுமாம், ஆட்களைத் தூக்கி வெளியே எறிந்துவிடுமாம். என் மனைவியும் பெரிய மகளும்கூட ஓட்டுவார்கள். பெரும்பாலும் வளைகுடாவுக்குள் சுற்றுவோம், அவ்வப்போது 30, 40 மைல் வெளியே போய் மீன் பிடிப்போம். எதை எடுக்கலாம்?

சிட்னிசெல்வா
ஸ்டெப் வேண்டாம். குடும்பம் ஓட்டுகிறது என்று சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

துறைமுகத்தான்
செல்வா, அவ்வளவு சுருக்கமாக முடிக்க முடியாது. நான் லாடர்டேலில் படகுப் பட்டறையில் வேலை பார்க்கிறவன், இரண்டு வகையும் தினமும் கையில் வந்து போகிறது. குமார் சார், ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நீங்கள் உண்மையில் எந்த வேகத்தில் ஓட்டுவீர்கள்? உச்ச வேகத்தைக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் தொடர்ந்து, வீட்டுக்காரம்மா முகம் சுளிக்காமல் ஓட்டுகிற வேகம் எவ்வளவு? அது தெரியாமல் இந்தப் பேச்சுக்கே அர்த்தம் இல்லை.

தாம்பாகுமார்
26, 28 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்). அலை இல்லாத நாளில் 32 வரை போவேன். 40க்கு மேல் என்பது நண்பர்கள் வந்தால் காட்டுவதற்கு மட்டும், ஐந்து நிமிடம்.

நெய்தல்வாசி
நான் கப்பல் கட்டுமானம் படித்தவன், ஆனால் வேலை பெரிய கப்பல்களில். படகு ஓட்டுவதில் துறைமுகத்தான் அண்ணனுக்குத்தான் அனுபவம். அடிப்பாகத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன், அப்போதுதான் மெரினா கதைகளில் எது உண்மை என்று பிரிக்க முடியும்.

பிளேனிங் படகு வேகமெடுத்தால் தண்ணீரைப் பிளந்துகொண்டு போவதை விட்டுவிட்டு மேலே எழுந்து சறுக்குகிறது. அப்போது அதை இழுத்துப் பிடிப்பவை இரண்டு. நனைந்திருக்கும் அடிப்பரப்பின் உராய்வு ஒன்று, படகைத் தூக்கி நிறுத்த தண்ணீரைக் கீழே தள்ளுவதற்கு ஆகும் செலவு இன்னொன்று. படகு சுமார் 4 டிகிரி மூக்கைத் தூக்கி ஓடினால் இரண்டும் சேர்ந்து குறைவாக இருக்கும். நேர் அடிப் படகில் என்ன ஆகிறது என்றால், வேகம் கூடக் கூட அது மூக்கைத் தாழ்த்திப் படுத்துக்கொள்கிறது, 2 டிகிரிக்குக்கூட இறங்கும். நீளமான பரப்பு நனைகிறது, உராய்வு ஏறுகிறது. டிரிம் செய்து, அதாவது இன்ஜினின் கோணத்தை மாற்றி, ஓரளவு தூக்கலாம், அதற்கு மேல் முடியாது.

ஸ்டெப் என்பது அடிப்பாகத்தில் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரை வெட்டிய ஒரு படி. இரு பக்கமும் காற்று நுழையத் திறப்பு இருக்கும். வேகத்தில் படிக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் காற்று தானாகவே உள்ளே இழுக்கப்படும், படிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் அடிப்பாகம் தண்ணீரைத் தொடாது. ஒரே நீளமான பரப்புக்குப் பதில் இரண்டு, மூன்று குட்டையான அகலமான பரப்புகள் படகைத் தாங்குகின்றன, ஒவ்வொன்றும் தனக்குச் சாதகமான கோணத்தில். நன்றாக வடிவமைத்த படகில் 10 சதவீதம் முன்னே பின்னே லாபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அது வேகம் இருந்தால்தான். மெதுவாகப் போகும்போது படிக்குப் பின்னால் காற்று வராது, தண்ணீர் சுழன்றுகொண்டு இழுக்கும்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. 1872லேயே ரேமஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் படி வைத்த கப்பல் யோசனையைப் பிரிட்டிஷ் கடற்படையிடம் கொண்டு போனார். கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் சிறு மாதிரிக் கப்பல் செய்து சோதித்துவிட்டு, அன்றைய கப்பல்கள் எட்டக்கூடிய வேகத்தில் இதனால் இழுவை கூடுமே தவிர குறையாது என்று காட்டிவிட்டார். லேசான பெட்ரோல் இன்ஜின் வந்த பிறகுதான் யோசனைக்கு உயிர் வந்தது. 1912ல் டாம் சாப்வித் ஓட்டி ஹார்ம்ஸ்வொர்த் படகுப் பந்தயக் கோப்பை வென்ற மேப்பிள் லீஃப் 4 பல படிகள் வைத்த படகு. 1919ல் பால்டிக் கடலில் ரஷ்யக் கப்பல் ஒலெக்கை மூழ்கடித்த தார்னிகிராஃப்ட் டார்பிடோ படகும் படி வைத்ததுதான்.

குமார் சார், உங்கள் 26 நாட்டில் அந்த லாபம் பாதிகூட கையில் வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

துபாய்ரவி
நெய்தல் சொல்வது சரி, ஆனால் இப்படியே போனால் ஸ்டெப் என்றால் பந்தயக்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். நாங்கள் இங்கே வளைகுடாவில் 31 அடி ஸ்டெப் படகு வைத்திருக்கிறோம். காலையில் தட்டையான கடலில் 38, 40 நாட்டில் 50 மைல் போய்விட்டு வருகிறோம், அந்த வேகத்தில் அது நேர் அடிப் படகைவிட அமைதியாக நிற்கிறது. மூக்கு மேலும் கீழும் ஆடுவது குறைவு. பழைய படகு நேர் வி, 40ஐத் தாண்டினால் இடமும் வலமும் மாறி மாறி ஆட ஆரம்பிக்கும், சைன் வாக் என்பார்களே அதுதான், ஸ்டீயரிங்கை விட்டு ஒரு கை எடுக்க முடியாது. அதை யாரும் ஆபத்து என்று சொல்வதில்லை, ஸ்டெப் என்றால் மட்டும் பேய்க்கதை.

சிட்னிசெல்வா
பேய்க்கதையா? சுழன்று போன ஸ்டெப் படகு வீடியோக்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்.

துபாய்ரவி
நேர் வி சுழன்ற வீடியோவும் இருக்கிறது செல்வா. மூக்கை அமுக்கி வைத்துக்கொண்டு வேகமாக வளைத்தால் எந்தப் படகும் கொக்கி போட்ட மாதிரி திரும்பும்.

துறைமுகத்தான்
இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நேர் டீப்-வி வளைவில் உள்பக்கம் சாய்ந்து, பின்பகுதி அடிப்பாகம் முழுவதும் கெட்டியான தண்ணீரில் அழுந்தி நின்று திரும்புகிறது. பிடிப்பு பின்னால் இருக்கிறது. அளவுக்கு மீறி வளைத்தால் முதலில் ப்ரொப்பெல்லர் காற்றைப் பிடித்து இன்ஜின் உறுமும், படகு கொஞ்சம் வழுக்கும், வேகம் குறையும். அதாவது கை மீறுவதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்லிவிடும். பெரும்பாலும்.

ஸ்டெப் படகில் பின்பகுதி ஓடுவது ஏற்கெனவே படி கலக்கிவிட்ட, காற்று கலந்த தண்ணீரில். நேராகப் போகும்போது அதுதான் லாபம். வளைவில் அதுவே கேரம்போர்டில் பவுடர் போட்ட மாதிரி, பக்கவாட்டில் தள்ளினால் தடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் த்ராட்டில் கொடுத்துக்கொண்டே வளைத்தால் மூக்கு மேலேயே நிற்கும், படகு அகலமாக, ஒழுங்காகத் திரும்பிவிடும். விபத்து நடப்பது எப்போது என்றால், வேகமாக வளைத்துக்கொண்டிருக்கும்போது பயந்து த்ராட்டிலைச் சட்டென்று பின்னால் இழுக்கும்போது. இழுத்தவுடன் மூக்கு விழுகிறது. கூர்மையான முன்பகுதி தண்ணீரைக் கவ்விக்கொள்கிறது. பிடிப்பு முழுக்க முன்னால் போய்விட்டது, பின்னால் அத்தனை எடையும் வந்த வேகத்தில் வந்துகொண்டே இருக்கிறது. அது எங்கே போகும்? சுற்றித்தான் வரும். உள்ளே இருப்பவர்கள் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருப்பார்கள், படகு மட்டும் அடியிலிருந்து விலகிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், பயந்தால் த்ராட்டிலை விடுவதுதான் மனிதனின் இயல்பு. காரில் கால் தானாக எடுபடுகிற மாதிரி இங்கே கை தானாக வரும். பழகியவர்கள் அந்தக் கையை அடக்கக் கற்றுக்கொள்வார்கள். எப்போதாவது ஓட்டுகிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நேர் அடியிலும் இதே தவறு செய்தால் சுழலும், ரவி சொல்வது பொய் இல்லை. ஆனால் அங்கே அதற்கு இன்னும் மோசமாகத் தப்பு செய்ய வேண்டும், நடுவில் எச்சரிக்கையும் கிடைக்கும். ஸ்டெப்பில், குறிப்பாக பழையவற்றில், எச்சரிக்கைக்கும் சுழற்சிக்கும் நடுவில் நேரமே கிடையாது.

எல்லா ஸ்டெப் படகும் ஒரே ஜாதி என்றும் நினைக்காதீர்கள். மைக்கேல் பீட்டர்ஸ் என்ற வடிவமைப்பாளர் இந்தச் சுழலும் பிரச்சினையை மனதில் வைத்தே பின்பகுதி நடுவில் பள்ளமாக ஓடும் ஒரு அமைப்பைக் கொண்டுவந்து காப்புரிமை வாங்கினார், இன்வின்சிபிள் படகுகள் அவர் வரைந்ததுதான். அதற்கு முன்னால் வந்த சில படகுகளில், நேர் அடி மோல்டை எடுத்து நடுவில் படி வெட்டிவிட்டு "புது ஹல்" என்று விற்ற கதையும் பட்டறைப் பக்கம் பேசுவார்கள். பழைய படகு வாங்குகிறவர் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: ஆண்டு என்ன, யார் வரைந்தது, ஆரம்பத்திலேயே ஸ்டெப்புக்காக வரைந்ததா?

தாம்பாகுமார்
மிக்க நன்றி அண்ணா. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. அப்படியென்றால் டிரிம் விஷயத்தில்? வளைப்பதற்கு முன்னால் இன்ஜினை முழுக்க உள்ளே இழுத்துக்கொள்வதுதான் எனக்குப் பழக்கம், 24 அடியில் அப்படித்தான் ஓட்டுவேன்.

துறைமுகத்தான்
அந்தப் பழக்கத்தை ஸ்டெப்பில் மறந்துவிட வேண்டும். முழுக்க உள்ளே இழுத்தால் பின்பகுதி தூக்கப்பட்டு மூக்கு அமுங்கும், அதாவது சுழல்வதற்கு வேண்டிய நிலையை நீங்களே செய்து கொடுக்கிறீர்கள். டிரிம் டேப்பை (படகின் பின் விளிம்பில் ஏற்றி இறக்கும் தகடு) கீழே விட்டுக்கொண்டு வளைப்பதும் அதேதான். நடுநிலையில் வையுங்கள். முக்கியமாக, வேகத்தை வளைவுக்கு முன்னால் குறையுங்கள், நேராக இருக்கும்போதே. குறைத்துவிட்டு, வளைவு முழுக்க த்ராட்டிலை ஒரே அளவில் அல்லது கொஞ்சம் ஏற்றிக்கொண்டே போங்கள். வளைத்துக்கொண்டே குறைக்காதீர்கள். வளைவு கை மீறுகிறது என்று தோன்றினால் முதலில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள், அப்புறம்தான் த்ராட்டிலைக் குறைக்க வேண்டும்.

முட்டம்ஜோ
இடையில் ஒரு சந்தேகம். நான் குமரி மாவட்டம். எங்கள் ஃபைபர் படகின் அடியில் இப்படிப் படி வைத்தால் எண்ணெய் மிச்சமாகுமா? அண்ணன்மார் சிரிக்க வேண்டாம்.

நெய்தல்வாசி
சிரிக்க என்ன இருக்கிறது ஜோ, நல்ல கேள்விதான். ஆகாது. உங்கள் படகு சின்ன இன்ஜினில், வலையும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போகிற வேகத்தில் முழுதாகச் சறுக்கும் நிலைக்கே வராது. படிக்குப் பின்னால் காற்று புகாமல் தண்ணீர்தான் சுழலும், எண்ணெய் கூடத்தான் செலவாகும். ஃப்ரூட் அன்றைக்குச் சொன்னது உங்கள் படகுக்கு இன்றைக்கும் பொருந்துகிறது. கரையில் மணலில் ஏற்றி இறக்குகிற படகாக இருந்தால் அந்தப் படியின் விளிம்பு முதல் பருவத்திலேயே உடைந்துவிடும்.

முட்டம்ஜோ
புரிந்தது அண்ணா. அணியம் (முன்பக்கம்) அமுங்கினால் அமரம் (பின்பக்கம்) சுற்றும் என்று எங்கள் அப்பாவும் சொல்வார், பின்னலையில், அதாவது அலை பின்னாலிருந்து தள்ள, கரைக்கு வரும்போது. அது ஸ்டெப் இல்லாத படகில்தான்.

துறைமுகத்தான்
ஜோ முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். குமார் சார், நீங்கள் மெக்சிகோ வளைகுடாவில் 40 மைல் வெளியே போனால் மதியம் காற்று ஏறியதும் பின்னலையில்தான் திரும்ப வேண்டிவரும், பல நாள். அலையின் முதுகிலிருந்து இறங்கும்போது மூக்கு முன் அலையில் குத்தினால், பின்னால் வரும் அலை அமரத்தைத் தள்ளிப் படகைக் குறுக்கே திருப்பிவிடும். இந்த இடத்தில் மூக்கைத் தூக்கி வைக்க வேண்டும். நேர் அடிப் படகில் டிரிம் செய்தால் மூக்கு உடனே சொன்னபடி கேட்கும். ஸ்டெப் படகு முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் தாங்கி நிற்பதால் தனக்குப் பிடித்த கோணத்தை விட்டு எளிதில் நகராது. எதிரலையிலும் அப்படியே, மூக்கை அமுக்கி அலையை வெட்ட நினைத்தால் ஸ்டெப் முரண்டு பிடிக்கும்.

1960ல் மியாமி-நாசோ பந்தயத்தில் கடல் கொந்தளித்த நாளில் ரே ஹன்ட் வரைந்த மாப்பி என்ற படகு ஜெயித்த பிறகுதான் டீப்-வி உலகம் முழுக்கப் பரவியது, பெர்ட்ராம் 31 என்ற படகு அதிலிருந்து பிறந்ததுதான். அது வேகத்துக்காக மட்டும் பேர் வாங்கவில்லை, அந்த அலையில் மற்றவர்கள் வேகத்தைக் குறைத்தபோது அதனால் குறைக்காமல் போக முடிந்தது.

சிட்னிசெல்வா
நான் முதலில் சொன்னதையே நீங்கள் இரண்டு பக்கத்தில் சொல்லியிருக்கிறீர்கள் 😀

துறைமுகத்தான்
முடிவு ஒன்றாக இருக்கலாம் தம்பி, காரணம் தெரியாமல் எடுத்தால் நாளைக்கு நேர் அடிப் படகில் மூக்கை அமுக்கிக்கொண்டு வளைப்பீர்கள்.

துபாய்ரவி
எனக்கு ஒரு மனத்தாங்கல். எடையைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஸ்டெப் படகு எடை எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கில் வைத்து வரைவது. பழைய இரட்டை இன்ஜினை எடுத்துவிட்டு மூன்று மாட்டிய படகுகள் விற்பனைக்கு வரும், இந்த 300 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 250 கிலோ இருக்கும். அப்படி மாற்றினால் பின்னால் எடை ஏறி படகின் குணமே மாறிவிடும். முன்பக்கம் நிறைய ஐஸும் ஆட்களும் ஏற்றினால் அதுவும் ஒரு மாதிரி. பாரம் அதிகமானால் ஓரத்தில் இருக்கும் காற்றுத் திறப்பு தண்ணீருக்குள் போய்விடும், அப்போது ஸ்டெப் வெறும் பிரேக். கூர்மையாகச் சாய்ந்து வளைக்கும்போதும் உள்பக்கத் திறப்பு இப்படி மூடிக்கொள்ளும்.

நெய்தல்வாசி
ஆமாம், கடைசியில் சொன்னது ரொம்பச் சரி. ஒரு பக்கம் காற்று நின்றால் இரண்டு பக்கமும் பிடிப்பு ஒரே மாதிரி இருக்காது.

மரீனாமாலதி
ஹல் எதுவாக இருந்தாலும் இதை எழுதாமல் போக மாட்டேன். கில் ஸ்விட்ச் கயிறு, ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்வது, அவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்திவிடும். 2013 மே மாதம் இங்கிலாந்தில், கார்ன்வாலின் பாட்ஸ்டோ பக்கம், ஒரு குடும்பத்தின் ரப்பர் படகு வேகத் திருப்பத்தில் கொக்கி போட்டு ஆறு பேரையும் தண்ணீரில் தள்ளியது. கயிறு மாட்டவில்லை. ஆளில்லாத படகு இன்ஜின் ஓட வட்டமடித்துத் திரும்ப வந்து அவர்கள் மேலேயே ஏறியது. இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் குழந்தை. விழுந்ததைவிட திரும்பி வந்த ப்ரொப்பெல்லர்தான் கொன்றது.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான படகு பிளேனிங்கில் இருக்கும்போது ஓட்டுபவர் அதை மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். குமார், உங்கள் 32 அடிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் மாட்டாமல் இருந்துவிடாதீர்கள். கயிறு தொந்தரவு என்றால் கம்பியில்லா வகை இருக்கிறது, மகளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

தாம்பாகுமார்
நன்றி அக்கா, இன்றைக்கே வாங்குகிறேன். எல்லாருக்கும் நன்றி. நேர் அடிப் பக்கம் மனம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டேன். என்ன பார்க்க வேண்டும்?

துறைமுகத்தான்
நீங்கள் எப்படிப் போவீர்களோ அப்படியே ஏற்றுங்கள். பாதிக்கு மேல் பெட்ரோல், ஐஸ் பெட்டி நிறைய, நான்கு ஆள். காலியான படகில் தனியாகச் சுற்றிக் காட்டினால் நம்பாதீர்கள். முதலில் 15 நாட்டில் எட்டு போடுங்கள், பிறகு 20, பிறகு 25, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றைக் குறையுங்கள், எல்லாரும் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு, கயிறு மாட்டிக்கொண்டு, சுற்றிலும் வேறு படகு இல்லாத இடத்தில். பின்பகுதி விலகுகிற உணர்வு முதலில் எந்த வேகத்தில் வருகிறது என்று கவனியுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். வேகத்தில் த்ராட்டிலை வெட்டிப் பார்க்கும் சோதனை உங்களுக்கு வேண்டாம், படகு அறிந்த கேப்டன் ஒருவர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

பிறகு தண்ணீரை விட்டு மேலே எடுத்துப் பாருங்கள். ஸ்டெப்பின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். ட்ரெய்லரின் கட்டை படி விளிம்பில் மாட்டி உடைந்து, அதை யாரோ ஃபைபர் பூசி உருட்டி வைத்திருந்தால் தண்ணீர் அங்கே சரியாகப் பிரியாது. அடிப்பாகப் பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறித் திறப்பு சிறுத்திருந்தாலும் அப்படித்தான். ஸ்டெப் படகுக்கு ட்ரெய்லர் அதற்கென்றே செய்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

தாம்பாகுமார்
ஸ்டெப் விற்பவரிடம் நான்கு ஆளோடு, ஐஸோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "அவ்வளவெல்லாம் தேவையில்லை சார், நானே ஓட்டிக் காட்டுகிறேன்" என்கிறார்.

துபாய்ரவி
ஸ்டெப் கட்சிக்காரன் நானே சொல்கிறேன், அந்தப் படகை விட்டுவிடுங்கள். ஹல்லுக்காக இல்லை, அந்த ஆளுக்காக.

துறைமுகத்தான்
அதேதான். நேர் அடிப் படகுக்கு, படகைச் சோதிக்கும் நல்ல சர்வேயர் ஒருவரைப் பிடியுங்கள், டிரான்சமில் (இன்ஜின் மாட்டும் பின்சுவர்) ஈரம் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். படகின் ஆண்டையும், இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.